ஒத்தையாளும் மூன்றாம் மாடியும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலில் அவரை எல்லோரும் ஒத்தையாள் என்றுதான் கூப்பிட்டார்கள். சும்மா வந்த பெயர் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து மூச்சு வாங்க வாங்க இறக்கும் பிரிட்ஜை அவர் முதுகில் ஏற்றித் தனியாகவே படி இறக்கிவிடுவார். அதற்கென்று ஒரு பெல்ட் வைத்திருந்தார். இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. கார் சீட்டில் இருக்குமே, அந்த மாதிரி அகலமான நாடா. சாமானுக்கு அடியில் கொடுத்து, இரண்டு தோளிலும் எடுத்து, மார்புக்கு நேரே கொக்கியில் மாட்டிக்கொள்வார். "பிடிக்கவாண்ணே?" என்று யாராவது பக்கத்தில் வந்தால் தொலைந்தான். கை பட்டால் பாரம் ஆடும், தள்ளி நில் என்று விரட்டிவிடுவார்.

தொழிலில் அப்படி என்றால் சரி என்று விடலாம். வாழ்க்கையிலும் மனுஷன் அப்படியே இருந்தார். மழைக்கு அடுத்தவர் குடையில் ஒதுங்க மாட்டார். காய்ச்சலில் கிடந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பார். பக்கத்து வீட்டில் இருந்து ஒரு தட்டு வந்தால், அதைக் கழுவி, அதில் இரண்டு மடங்கு வைத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அன்றைக்குத் தூக்கம் வரும். கொடுத்தவர்களுக்கு ஏன்டா கொடுத்தோம் என்று ஆகிவிடும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லாமல் அவரைக் குறை மட்டும் பேசினால் பாவம். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர். பெரியம்மா வயிற்றுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "இதுதான் எங்க சோத்துல வளர்ற பிள்ளை" என்று காட்டுவாள். புதுச் சட்டை போட்டால் அது யார் வாங்கிக் கொடுத்தது என்று வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளைக்கு வாங்குவது என்றாலே உடம்பு கூசிப் போனது. மீசை அரும்பும் வயதில் அங்கிருந்து கிளம்பியவர், பிழைக்க வந்த இடத்தில் ஒரு சின்னச் சபைக்குள் நுழைந்தார். தேவன் கேட்கிறவனுக்குக் கொடுப்பார், கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்ட மாட்டார் என்று அன்றைக்குப் போதகர் பிரசங்கித்தார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவர்தான். அன்று முதல் கேட்பதெல்லாம் மேலே, மனுஷனிடம் ஒன்றும் கிடையாது என்று வைத்துக்கொண்டார். முழங்கால் தேய ஜெபிப்பார். அது பொய் விசுவாசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தேவனை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே மனுஷனை அண்டவிடாமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார் என்பதும் உண்மை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ நேர் எதிர். படியில் ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் நின்று பேசிவிட்டுத்தான் வருவாள். உப்பு இல்லை என்றால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போவாள். உப்பு இருந்தாலும் சில நாள் போவாள். சபையில் பாட்டு ஆரம்பித்தால் முதல் வரியை அவள்தான் எடுப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாதபடிக்கு அந்த மூன்றாம் மாடி வீட்டில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

அவள்தான் விழுந்தாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம் என்றார்கள். உயிர் தப்பியது, இடது பக்கம் விளங்கவில்லை. பேச்சும் குழறிப்போனது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது அவள் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை, அவருக்கு மட்டும் புரிந்தது. இராப்பகலாகப் பக்கத்திலேயே இருந்ததில் அவள் வாய் போகும் போக்கை அவர் பிடித்துக்கொண்டார்.

வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டுவது, தலை வாருவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம் அவர் ஒருவரே. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள், இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். உண்மைதான், குறையே சொல்ல முடியாது. ஆனால் பார்க்க வந்தவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே போனார்களா என்றால், அதுதான் இல்லை.

இரண்டாம் மாடியில் ஒரு நர்ஸம்மா இருந்தாள், அதே சபைக்காரி. தினம் ஒரு மணி நேரம் நான் வந்து குளிப்பாட்டிவிடுகிறேன், நீங்கள் காலாற நடந்துவிட்டு வாருங்கள் என்று கேட்டாள். சபையின் பெண்கள் பாட்டுப் புத்தகத்தோடு வந்து, கொஞ்ச நேரம் அக்காவோடு உட்கார்ந்து பாடிவிட்டுப் போகிறோம் என்றார்கள். எல்லோருக்கும் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்வார். உள்ளே இருந்து அவள் குரல் கேட்கும், குழறலாக, அவசரமாக. வந்தவர்கள் எட்டிப் பார்த்து, அக்கா என்ன சொல்றாங்க என்று கேட்பார்கள்.

"அசதியா இருக்காம். இன்னொரு நாள் பார்க்கலாம்னு சொல்றா" என்பார் ஒத்தையாள்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே வாங்க, உள்ளே வாங்க என்றுதான் அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவருக்கு அது நன்றாகத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்து, "நமக்குக் கர்த்தர் இருக்கார், அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அவளுக்குச் சமாதானம் சொல்வார். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். அடுத்த வேளை ஊட்டும்போது வாயை இறுக்கி வைத்துக்கொள்வாள். நோயாளிக்கு வரும் கோபம் என்று அவர் எடுத்துக்கொண்டார். போகப் போக வந்தவர்களும் குறைந்தார்கள். எத்தனை தடவைதான் சாத்திய கதவைத் தட்டுவது?

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் போய் உட்கார வேண்டும். மாதம் ஒருமுறை போதகர் வீட்டுக்கே திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொண்டுவருவார். அவரை மட்டும் ஒத்தையாள் உள்ளே விடுவார், தேவனுடைய ஊழியக்காரர் என்பதால். அப்போதெல்லாம் அவள் தன் வலது கையால் ஜன்னலைக் காட்டுவாள். தெருக்கோடியில் சபையின் கூரை தெரியும். போதகர் புரிந்துகொண்டு, நாலு பேர் வந்து நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோமே அண்ணே என்றார்.

"நாலு பேர் தூக்குறது ஒரு தடவைதான் ஐயா. அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டார் மனுஷன். போதகருக்குச் சுருக்கென்றது. ஜெபித்துவிட்டு இறங்கிப் போனார். கட்டிலில் இருந்தவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கப் போன அவர் கையை அவள் தட்டிவிட்டாள்.

அவள் கையைத் தட்டிவிட்டது அவரை ஆட்டிவிட்டது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. அந்த வாரம் முழுக்க முழங்காலில் நின்றார். ஆண்டவரே, எனக்குப் பெலன் தாரும், இவளை நானே கொண்டுபோய் உம்முடைய சந்நிதியில் உட்கார வைக்கிறேன் என்று மன்றாடினார். பெலன் வந்துவிட்டதாகவும் அவருக்குத் தோன்றியது. ஞாயிறு காலையில் அவளுக்கு நல்ல சேலையாகக் கட்டிவிட்டுத் தலை வாரினார். பிறகு பரணில் கிடந்த பெல்ட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பகீர் என்றது. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "பிரிட்ஜை இறக்கினவன் உன்னை இறக்க மாட்டேனா, நீ அதுல பாதிதானே இருக்கே" என்று சிரித்துக்கொண்டே அவளை உட்கார வைத்து, பெல்ட்டை அடியில் கொடுத்து, முதுகில் ஏற்றி, கொக்கியை மாட்டினார். கணக்கெல்லாம் சரிதான். எடை சரி, படி சரி, பெல்ட்டும் பழசானாலும் உறுதி. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். பிரிட்ஜுக்குப் பயம் கிடையாது.

ஒரு மாடி இறங்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. படி திரும்பும் இடத்தில் கீழே பள்ளமாகத் தெரிந்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. நன்றாக இருந்த ஒரே கையால் அவர் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்துவிட்டாள். அவருக்கு மூச்சு முட்டியது. கையை எடு என்று சொல்லக்கூடக் குரல் வரவில்லை. கால் தடுமாறியது, இடுப்பில் ஏதோ வெடுக்கென்று பிடித்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு எப்படியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் மேல்படியில் அவள். பாரம் இழுத்ததில் கொக்கி இறுகிக்கொண்டது, கழற்ற வரவில்லை. எழுந்திருக்கவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் முதுகோடு கட்டுண்டு, கட்டிவைத்த மூட்டை மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் அப்போதும் யாரையும் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இயேசுவே, இயேசுவே என்று முணுமுணுத்தார். எதிரே இருந்த கதவு திறந்தது.

வந்தவர் கணக்கு வாத்தியார். உங்கள் வீட்டுத் துணியில் இருந்து என் பால்கனியில் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டை போட்டு, ஒத்தையாளோடு பேச்சை நிறுத்தி வெகு காலம் ஆயிற்று. கடவுளே கிடையாது என்று யாரிடமும் வாதம் பண்ணுகிற ஆசாமி வேறு. அவரைப் பார்த்ததும் ஒத்தையாளுக்கு நெஞ்சு கசந்தது. ஆண்டவரே, போயும் போயும் இந்த ஆளையா அனுப்பினீர் என்றுதான் இருந்தது. வாத்தியார் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய் ஒரு கத்தரிக்கோலை எடுத்துவந்து பெல்ட்டை வெட்டினார். அது பாதி அறுபடுவதற்குள் பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். நர்ஸம்மாவின் புருஷன், பஸ் டிரைவர், ஷேவிங் சோப்பு முகத்தோடு வந்தார். சத்தம் கேட்டு வாட்ச்மேனும் மேலே வந்தார்.

திரும்ப மேலே கொண்டு போகலாம் என்றார் வாத்தியார். அவள் வலது கையைக் கீழ்நோக்கி நீட்டினாள். அதைப் புரிந்துகொள்ள அங்கே யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வாத்தியார் தன் வீட்டில் இருந்து கைவைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல நாற்காலி, திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு காலைப் பிடித்தார். டிரைவரும் நர்ஸம்மாவும் வாட்ச்மேனும் மற்ற மூன்றையும் பிடித்தார்கள். நாற்காலியைத் தொட ஒத்தையாளை யாரும் விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினார். முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள், இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு.

கீழே இறக்கியதும், போதும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த நிலைமையிலும் வாய் அப்படித்தான் வந்தது. நர்ஸம்மாவுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, டிரைவருக்கும் வண்டி எடுக்க வேண்டும். படிக்குக் கீழே கிடந்த, சாமான் தள்ளுகிற சக்கரப் பலகையில் நாற்காலியைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவர்கள் போனார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் தெரு முழுக்கத் தள்ளினார். சபை வாசலில் படி இல்லை, அது அவர் அதிர்ஷ்டம்.

உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. பெஞ்சை நகர்த்தி இடம் விட்டார்கள். அவர் பின்னாலேயே நின்றார். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரியும். அவள் பாடினாள். வார்த்தை ஒன்றும் தெளிவாக இல்லை, ராகம் மட்டும் பின்னால் இழுத்து இழுத்து வந்தது. முதல் அடியில் அவள் குரல் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டது. இரண்டாவது அடியில் பக்கத்தில் இருந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். மூன்றாவதில் சபை முழுக்கவே அவளுக்காக மெதுவாகப் பாடியது. யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. வீட்டில் அவரும் அவளோடு பாட முயன்றிருக்கிறார், இப்படி வரவே இல்லை.

பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம். தேவன் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். பரீட்சையில் தேறியதற்கு ஒருத்தி சொன்னாள், காய்ச்சல் விட்டதற்கு ஒருவர் சொன்னார். அப்போது அவள் வலது கையை உயர்த்தினாள்.

போதகர் முகம் மலர்ந்தது. "சொல்லுங்கம்மா" என்றார். அவள் பேசினாள். சபை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. போதகர் பின்னால் பார்த்து, அண்ணே, அம்மா சொல்றதை நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும் என்றார்.

ஒத்தையாள் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி நிறுத்தினாள். அவர் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் படுத்த நாள்ல இருந்து ஒரே ஒரு ஜெபம்தான் பண்ணினேன். எங்க வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஆண்டவரேன்னு கேட்டேன். அவர் கேட்டார். அனுப்பினார்."

ஆமென் என்றது சபை. அவள் அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். அவர் வாய் திறக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் என்ன சொன்னாலும் அதுதான் அவள் சொன்னது என்று ஆகிவிடும்; மறுத்துச் சொல்ல அவளால் முடியாது. இத்தனை நாளும் வாசலில் நின்று செய்தது அதைத்தானே.

"உங்க எல்லாருக்கும் நன்றின்னு சொல்றா" என்றார்.

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திட்டவில்லை, முறைக்கவில்லை. அதே வாக்கியத்தை மறுபடி சொன்னாள், முன்னைவிட மெதுவாக. பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க அவரால் ஆகவில்லை.

"இல்ல" என்றார் ஒத்தையாள். குரல் உடைந்தது. "அவ அப்படிச் சொல்லல. அவ சொன்னது இது. தேவன் அனுப்பின ஆளை எல்லாம் என் வீட்டுக்காரர் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டார். நான் வேண்டாம்னு சொன்னதாச் சொல்லித் திருப்பிட்டார். நான் ஒரு நாளும் வேண்டாம்னு சொல்லல."

கதவுவரை வந்து திரும்பிப் போன பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு நிலம் பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தார். அவளுக்கு இன்னும் சொல்ல இருந்தது. நிறுத்தி நிறுத்தி, வாயோரம் எச்சில் வழிய, சொன்னாள். அதைக் கேட்டதும் அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். நிஜமாவா என்று அவளிடம் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அதை அவர் சொல்ல ஆரம்பித்து, முடியாமல் நிறுத்தி, மறுபடியும் ஆரம்பித்தார்.

"அவர் மேல கோபப்படாதீங்க. நான் ஆள் கேட்டது எனக்காக இல்ல. இவருக்காக. என்னைத் தூக்கித் தூக்கி இவர் விழுந்துடுவார்னு பயமா இருந்துச்சு. இவர் தனக்குன்னு கேக்கவே மாட்டார். அதான் நான் கேட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழ முடியாது என்று தெரிந்தும்தான் உட்கார்ந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், விக்கி விக்கி அழுதார். அவள் தன் நல்ல கையை அவர் தலையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒத்தையாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இது அவ சொல்றதில்ல, நான் கேக்கறேன்" என்றார். "இவளைத் திரும்ப மூணு மாடி ஏத்தணும். என்னால முடியல. இப்போ எழுந்து நிக்கக்கூட என்னால முடியல. யாராவது வாங்க."